கோத்தகிரியில் விலைக்கு வந்த பழைய பி.எஸ்.ஏ. ரைஃபிள்: என்ன தரலாம்?

இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்றார் துப்பாக்கியை விற்கிற பெரியவர். அந்த விலைக்கு இந்தத் துப்பாக்கி பெறாது. ஆனால் அதே மேஜையில் பக்கத்தில் கிடத்தி ஐந்து லட்சம் சொன்னாரே இன்னொன்று, அதைவிட இதுதான் நல்ல சரக்கு. பழைய வேட்டைத் துப்பாக்கி வாங்க நினைத்து என்னிடம் விசாரிக்கிறவர்கள் முதலில் கம்பெனிப் பெயரைக் கேட்கிறார்கள், அடுத்து வயதைக் கேட்கிறார்கள். நீலகிரி ஈரத்தில் பல மழைக்காலம் கிடந்த துப்பாக்கிக்கு அந்த இரண்டும் கடைசியாக வரவேண்டிய கேள்விகள். குழலுக்குள் என்ன மிச்சம் இருக்கிறது, தோட்டா கிடைக்குமா, காகிதம் சுத்தமா என்று இந்த வரிசையில்தான் விலை பேச வேண்டும்.

நான் ஆயுத வியாபாரி அல்ல. தேயிலை பாக்டரியில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் லைசென்ஸில் பன்னிரண்டு போர் (குழல் அளவின் பெயர்) இரட்டைக்குழல் ஒன்று இருக்கிறது. ரைஃபிள் ஒன்று வாங்கிக்கொள்ளக் கலெக்டர் அலுவலகத்தில் அனுமதியும் பெற்றிருக்கிறேன். வேட்டைக்கு அல்ல. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தேயிலைக்குள் காட்டெருமை வந்து நின்றாலும், இரவில் கரடி வந்து சமையலறைக் கதவைப் பிறாண்டினாலும், வனத்துறைக்குப் போன் செய்வதுதான் நம் வேலை. எனக்கு வேண்டியது காகித இலக்கைச் சுடவும் நல்ல இரும்பு வேலையைக் கையில் வைத்துப் பார்க்கவும் ஒரு துப்பாக்கி. சுவரில் மாட்டி அழகு பார்க்கிறவருக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

பொருள் இது: பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், அதாவது பி.எஸ்.ஏ. கம்பெனி செய்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். போல்ட் என்பது தோட்டாவை ஏற்றி அடைக்கக் கையால் இழுத்து மூடும் தாழ்ப்பாள். அளவு .315, அதாவது குழலின் உள்துளை அங்குலக் கணக்கில். போல்ட்டும் உடலும் ஆங்கிலேய ராணுவத்தின் லீ என்ஃபீல்டு துப்பாக்கியில் இருப்பவையே. ஆனால் ராணுவத் துப்பாக்கியின் மூக்குவரை மூடிய கட்டையைக் கழற்றிவிட்டு, மெல்லிய முன்கட்டையும், மடக்கி நிமிர்த்தும் பின்குறித் தகடுகளும், கையில் உறுத்தாத தட்டையான போல்ட் கைப்பிடியும் வைத்து வேட்டைக்காரருக்கென்று செய்தது. உடலில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்துக் குவித்து வைத்தாற்போன்ற பி.எஸ்.ஏ. முத்திரை தெளிவாக இருக்கிறது.

அது ஏன் .315? ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று ஆங்கிலேய அரசு இந்தியாவில் தடுத்துவைத்தது. துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? அதே லீ எந்திரத்தில் ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவுக்கு ஏற்ற குழலை மாட்டி இங்கே விற்றார்கள். அந்தத் தோட்டாவுக்கு இந்தியாவில் ஒட்டிக்கொண்ட எண்தான் .315. ஆங்கிலேயன் போய்விட்டான்; .303 இன்றும் தடைசெய்யப்பட்ட அளவுதான்; .315 இன்றும் சாதாரண லைசென்ஸில் வாங்கக்கூடிய அளவுதான். மேற்கு வங்கத்து இசாப்பூர் அரசுத் தொழிற்சாலை அதே அளவில் ரைஃபிள் செய்கிறது. பழைய பி.எஸ்.ஏ. ஒன்றுக்கு இந்த நாட்டில் இன்னமும் விலை இருக்கிறதென்றால் பாதிக் காரணம் இந்தத் தடை.

வயதை முத்திரையில் பார்த்துக்கொள்ளலாம். குழல் உடலோடு சேரும் இடத்தில் மகுடத்தின் கீழ் பி.வி., பி.பி., என்.பி. என்று மூன்று சிறு முத்திரைகள். பர்மிங்காம் சோதனைக்கூடம் 1904 முதல் 1954 வரை அடித்த வகை அது. அதில் என்.பி. முக்கியம், புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்துத் தேறியது என்று பொருள். அந்த முத்திரை இல்லாத, கரிமருந்துக் காலத்துத் துப்பாக்கியை யாராவது “இன்னும் சுடும் ஐயா” என்று நீட்டினால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம் என்றெல்லாம் நான் தோண்டவில்லை. பி.எஸ்.ஏ. மொத்தமாகச் செய்து தள்ளிய சரக்கு; ஆண்டு முன்பின் போனால் விலை மாறாது.

இனி குழல். தோட்டாக்கள் அடுக்கும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா உட்காரும் அறைக்குள் சுண்டுவிரலை விட்டுக் காலியா என்று பார்த்த பிறகே மற்றதெல்லாம். பெரியவர் “காலியாகத்தான் இருக்கிறது தம்பி” என்றார். சரிதான் ஐயா என்று சொல்லிவிட்டு நானும் பார்த்தேன். அவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

போல்ட்டை முழுதாக உருவிவிட்டு, பின்பக்கம் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுக் குழலுக்குள் ஏறும்படி வைத்துக்கொண்டு வாய்ப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். டார்ச்சை நேராக உள்ளே அடித்தால் எல்லாக் குழலும் பளபளவென்றுதான் தெரியும். விற்கிறவர்களுக்கு டார்ச் பிடிக்கும். அட்டை வெளிச்சத்தில் முதல் பார்வைக்கு உள்ளே கறுப்பாக இருந்தது. அதை வைத்து முடிவு செய்யக்கூடாது. வெள்ளைத் துணியை எண்ணெயில் நனைத்துக் கம்பியில் செலுத்தினேன். முதல் துணி கரியும் செம்பழுப்புமாக வந்தது. அடுத்தது வெறும் செம்பழுப்பு. சிறிது நேரம் ஊறவிட்டு மீண்டும் இழுத்தபோது மங்கலான சாம்பல் நிறம். அதன் பிறகு பார்த்தால், குண்டைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகளின் ஓரங்கள் குழலின் பின்பாதி முழுக்கக் கூர்மையாகவே நிற்கின்றன. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அங்கங்கே துரு அரித்த குழிகள் அம்மைத் தழும்புபோல விழுந்திருக்கின்றன. ஆழமில்லை. கம்பியைத் தள்ளும்போது அந்த இடத்தில் கை லேசாகச் சொரசொரப்பை உணர்கிறது, அவ்வளவுதான்.

மலைத் துப்பாக்கிகளில் இந்தத் தழும்பு ஏன் இவ்வளவு சகஜம் என்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் தீப்பற்றவைக்கும் தொப்பியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகிறது. கிட்டத்தட்டச் சமையல் உப்பின் பங்காளி. அந்த உப்பு குழலுக்குள் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் உப்பு போகாது. எண்ணெயில் உப்பு கரையாதே. வெந்நீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்துப் பிறகு எண்ணெய் போட வேண்டும். ராஜஸ்தானில் கழுவாமல் வைத்தால் ஒருவேளை தப்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரி மூடுபனிக்குள் கழுவாமல் வைத்தால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். இந்தத் துப்பாக்கியை வைத்திருந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் வெந்நீர் ஊற்றியிருக்கிறார், எப்போதோ சில தடவை ஊற்றவில்லை. குழல் அதைத்தான் சொல்கிறது.

தோட்டாவின் வெடிமருந்தும் தன் பங்குக்குக் குழலைத் தின்னும். அருவங்காட்டில் 1904 முதல் நடக்கும் கார்டைட் பாக்டரியை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. என் சித்தப்பா அங்கே வேலை பார்த்தவர். கார்டைட் புகையில்லா வெடிமருந்து; அதன் முதல் வகையில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின். அவ்வளவு நைட்ரோகிளிசரின் எரிகிற சூட்டில் குழலின் தொண்டை, அதாவது வரி தொடங்குகிற இடம், கரையும். லீ துப்பாக்கிகளில் முதலில் இருந்த மெட்ஃபோர்டு வகை ஆழமில்லாத வரிகள் அந்தச் சூட்டில் சீக்கிரமே அழிந்துபோனதால்தான் 1895இல் ஆழமான என்ஃபீல்டு வரிக்கு மாறினார்கள். தேயிலையை அரைக்கும் சி.டி.சி. ரோலரில் பல் மழுங்கினால் எந்திரம் அதே சத்தத்தோடு ஓடும், தூள் மட்டும் கெட்டு வரும். தொண்டை தேய்ந்த ரைஃபிளும் அப்படித்தான், வெடிக்கும், உதைக்கும், குறி மட்டும் எங்கோ போகும். இந்த பி.எஸ்.ஏ.யில் தொண்டை நன்றாக இருக்கிறது. அறையைத் தாண்டியதும் வரி தொடங்குகிற இடத்தில் விளிம்பு இன்னும் தெரிகிறது.

கெட்டுப்போயிருப்பது வாய். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இந்தத் துப்பாக்கியின் அடித்தகட்டில் ஒரு சிறு மூடி உண்டு. திறந்தால் உள்ளே பித்தளை எண்ணெய்க் குப்பியும், ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய துடைப்புக் கயிறும் இருக்கும். இரண்டும் இதில் அப்படியே இருக்கின்றன. பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. குண்டைப் பின்பக்கமாகக் குழலுக்குள் போட்டு, வாய்வழியே வந்ததும் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும், பின்னால் துணி வரும். நேராக இழுத்தால் ஒன்றுமில்லை. சோம்பேறித்தனமாக ஒரு பக்கம் சாய்த்து இழுத்தால், மண் ஒட்டிய கயிறு வருடக்கணக்கில் குழல் வாயை அரம்போல அறுத்துவிடும். நான் கடைசலில் கடைந்து வைத்திருக்கும் பித்தளைக் கூம்பு ஒன்று உண்டு. அதை வாயில் செருகி மெல்லச் சுற்றிப் பார்த்தேன். மூன்று பக்கம் இரும்பும் பித்தளையும் ஒட்டி உட்கார்ந்தன. கீழ்ப்பக்கம், குழலை எதிரே வைத்துப் பார்த்தால் ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில், மயிரிழைக்கு வெளிச்சம் தெரிந்தது. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தவர், “அது எங்கள் வாட்ச்மேன் துடைத்தது” என்றார்.

சுடும்போது குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் வாய்தான். அங்கே ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் குறி ஒரே திசையில் இழுக்கும். லைசென்ஸ் உள்ள கைதேர்ந்த ஆள் வாயைச் சிறிதளவு கடைந்து புது விளிம்பு எடுத்துத் தரலாம். சரிசெய்யக்கூடிய குறைதான். ஆனால் அந்தக் கூலி என் தலையில் விழும் என்பதால் விலையில் கழித்துக்கொண்டேன்.

துப்பாக்கி இன்னும் என் பெயருக்கு வரவில்லை, ஆகவே நான் சுட்டுப் பார்க்கவில்லை. பெரியவர் முன்பு சுட்ட காலிக் கூடுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சுடாமலே துப்பாக்கியைப் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. போல்ட்டுக்கும் தோட்டாவின் விளிம்புக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டால், கூட்டின் அடியிலிருந்து சற்று மேலே பித்தளை இழுபட்டு மோதிரம்போல ஒரு பளபளப்பான கோடு விழும். முற்றினால் அந்த இடத்திலேயே கூடு இரண்டாகும். லீ எந்திரத்தில் போல்ட்டைத் தாங்கும் பிடிகள் பின்பக்கம் இருப்பதால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இங்கே கோடு இல்லை. தொப்பிகளும் பிதுங்காமல் சமமாக உட்கார்ந்திருந்தன. போல்ட்டில் வெட்டியிருக்கும் எண்ணும் உடலில் இருக்கும் எண்ணும் ஒன்று. பிறந்தபோது மாட்டிய போல்ட்டே இன்றும் இருக்கிறது; இதற்கு நான் தாராளமாகவே மதிப்புப் போட்டேன்.

கட்டை வால்நட். லீ வகையில் கட்டை ஒரே துண்டு அல்ல. முன்கட்டை தனி, அடிக்கட்டை தனி. அடிக்கட்டையை உள்ளே ஓடும் ஒரு நீளமான போல்ட் உடலோடு இழுத்துப் பிடித்திருக்கிறது. மலையில் ஊறி, சமவெளியில் காய்ந்து, மரம் உப்பியும் சுருங்கியும் அந்தப் பிடி தளரும். உடலை ஒரு கையிலும் அடிக்கட்டையை ஒரு கையிலும் பிடித்து முறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். இது ஆடவில்லை. கைப்பிடிக் கழுத்தின் இடப்பக்கம் ஒரு விரிசல் இருந்து, யாரோ ஒரு தச்சர் வஜ்ஜிரம் விட்டு ஒட்டி, குறுக்கே மெல்லிய பித்தளை ஆணி இறக்கி, தலையை மரத்தோடு சமமாக அரம் போட்டிருக்கிறார். விரலால் தடவினால் தெரியாது, சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். இந்த வேலைக்காக விலையைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. பெரியவரிடம் அதைச் சொல்லவும் இல்லை, பேரம் பேசும்போது எதற்கு.

கட்டையை யாரும் அறுக்கவில்லை என்பதே பெரிய விஷயம். உதை தாங்க முடியாமல் அடிக்கட்டையில் ஒரு அங்குலம் அறுத்துவிட்டுச் சிவப்பு ரப்பர் ஒட்டிய பழைய துப்பாக்கிகளை இந்த ஜில்லாவில் நிறையப் பார்க்கலாம். அறுத்த மரம் திரும்ப வளராது. அதேபோல இரும்பின் பழைய நீலக்கறுப்பும் தானாகவே மங்கியிருக்கிறது. கைபடும் இடங்களில் வெள்ளை இரும்பு தெரிகிறது, போல்ட் கைப்பிடியில் பூச்சே இல்லை. நல்லது. மங்கியிருப்பது உழைத்த அடையாளம்தான். மங்காமல் புத்தம்புதிதாக மினுக்கினால்தான் நான் சந்தேகப்படுவேன். திருகாணித் தலைகளையும் பாருங்கள். பொருந்தாத ஸ்குரு டிரைவரால் திருகிப் பிளவை அகலமாக்கியிருந்தால், உள்ளே கை வைத்தவர் வேலை தெரியாதவர் என்று அர்த்தம். இதில் ஒரே ஒரு திருகாணி அப்படிக் கெட்டிருக்கிறது.

குழலை எதைக்கொண்டு துடைக்கிறீர்கள் என்று கேட்டேன். தைலம் என்றார். ஊரெல்லாம் காய்ச்சுகிற யூகலிப்டஸ் தைலம்தான். இங்கே மூக்கடைப்பு முதல் மூட்டுவலி வரை எல்லாவற்றுக்கும் அதுதானே. பழைய பிசினையும் மசகையும் அது நன்றாக எடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் எடுத்துவிட்டுத் தானும் ஆவியாகிப் போய்விடும்; இரும்பு வெறும் உடம்போடு பனியில் நிற்கும். துடைத்த பிறகு துப்பாக்கி எண்ணெய் பூச வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மேகசின் இதனுடையது அல்ல. வேறு எதிலிருந்தோ எடுத்து, வாயின் இரு உதடுகளையும் குறடால் வளைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். மருந்தில்லாத போலித் தோட்டாக்களைப் போட்டுப் பார்த்ததில் இரண்டாவது மூக்கு முட்டி நிற்கிறது. முன்குறி மணியும் பிற்காலத்தது. இவை இரண்டும் கழிவு.

பக்கத்தில் கிடந்த ஐந்து லட்சத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலை எப்படி ஏமாற்றும் என்பது அதில்தான் தெரிந்தது. ஜெர்மன் மாசர் எந்திரத்தில் செய்து லண்டன் துப்பாக்கிக் கம்பெனி ஒன்றின் பெயர் பொறித்த .275. பெரியவர் அதைத் தூக்கும்போதே குரல் மாறிவிட்டது. ஜிம் கார்பெட் வைத்திருந்த அதே அளவு என்றார். உண்மைதான், சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907இல் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது லண்டன் ரிக்பி கம்பெனி செய்த .275. அந்த .275 என்பது ஜெர்மன் 7 மில்லிமீட்டர் மாசர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்தான். அளவு ஒன்றாக இருப்பதால் கார்பெட்டின் புகழில் இதற்கும் பங்கு உண்டு என்றால், என் மாமனாரின் அம்பாசடருக்கும் நேருவின் புகழில் பங்கு உண்டு.

துரை ஒருவர் இதைக்கொண்டு சீகூர் காட்டில் ஆட்கொல்லி அடித்தார் என்றும் ஒரு கதை வந்தது. இந்த மலையில் விலைக்கு வரும் எல்லாத் துப்பாக்கியும் ஆட்கொல்லி அடித்ததாகத்தான் இருக்கும். மிளாவும் காட்டுப்பன்றியும் அடித்த துப்பாக்கி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கதைக்கு விலை உண்டு, எழுத்தில் இருந்தால். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகளில் சில, எந்த எண் துப்பாக்கி எந்த ஆண்டு யாருக்கு விற்றது என்று பேரேடு வைத்திருக்கின்றன. எண்ணை எழுதிக் கேட்டால் பதில் வாங்கலாம். அப்படி ஒரு கடிதம் இருந்து, அதில் அந்தத் துரையின் பெயரும் இருந்தால் பேசலாம். பெரியவரிடம் கடிதம் இல்லை.

கதை போகட்டும், குழலுக்கு வருவோம். துணி போட்டு இழுத்தபோது கம்பி தடதடவென்று வந்தது. வரிகள் நடுக்குழலிலேயே அரித்துத் தின்னப்பட்டிருக்கின்றன. இதை மறைக்க வெளியே தேய்த்து மெருகேற்றிப் புது நீலப்பூச்சு போட்டிருக்கிறார்கள். அந்தத் தேய்ப்பில் லண்டன் முகவரியின் எழுத்துகளே பாதி கரைந்துபோயின. டெலஸ்கோப் மாட்டுவதற்கு உடலின் மேல் துளைகள் வேறு. பெயருக்காகத்தான் ஐந்து லட்சம், அந்தப் பெயரையே அரைவாசி அழித்துவிட்டார்கள்.

அதற்குத் தோட்டாவும் இல்லை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி, பேர்பெற்ற துப்பாக்கிச் சுடும் வீரர்கள் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, நின்றுபோயிற்று. வெள்ளைக்காரன் விட்டுப்போன துப்பாக்கிகளுக்கு இங்கே கண்டபடி விலை ஏறியது அதனால்தான். துப்பாக்கி விலை ஏறியது, தோட்டா வரவில்லை. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் கடைக்காரர்களிடம் .275 கேட்டால் கையை விரிக்கிறார்கள். .315 கேட்டால் பூனா கட்கி தொழிற்சாலையின் தோட்டா எடுத்து வைக்கிறார்கள், கே.எஃப். என்று அடியில் முத்திரை போட்டது. லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்குள் வாங்கிக்கொள்ளலாம்.

காகிதம். பெரியவர் பெயரில் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. 2019 திருத்தச் சட்டம் ஒருவருக்கு இரண்டுதான் என்று குறைத்தது; கூடுதலாக இருப்பதை ஒரு வருடத்துக்குள் ஒப்படைக்கச் சொன்னது. பரம்பரைத் துப்பாக்கிக்கும் அதே கணக்கு. அப்போது அவர் பன்னிரண்டு போர் ஒன்றை வியாபாரியிடம் விட்டுவிட்டார். மிச்சம் இரண்டும் லைசென்ஸில் ஏறியிருக்கின்றன, தனி அடையாள எண் இருக்கிறது, புதுப்பித்த தேதி உயிரோடு இருக்கிறது. லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணையும் உடலில் வெட்டியிருக்கும் எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். இதில் ஒரு இலக்கம் தவறினாலும் துப்பாக்கி எவ்வளவு நன்றாக இருந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும். பழைய கையெழுத்து லைசென்ஸ்களில் ஒன்று ஏழாவதும் மூன்று எட்டாவதும் சாதாரணம்.

பணம் கொடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வர முடியாது. விற்கிறவர், யாருக்கு விற்கிறேன் என்று பெயர் முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து 45 நாள் கழியாமல் கைமாற்றக்கூடாது. அதனால் முன்பணம் கொடுப்பதென்றால் ரசீதில் இந்த நிபந்தனையையும் எழுதி வாங்குங்கள்.

எனக்கு எதிராகவே ஒரு விஷயமும் பெரியவரிடம் சொன்னேன். லைசென்ஸ்தாரருக்கு எழுபது வயதானாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். 2016 விதிகளில் இருக்கிறது. மகனுக்குக் கொடுக்கலாமே ஐயா என்றேன். மகன் கோயம்புத்தூரில் இருக்கிறார். தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிவர அவருக்கு நேரம் இல்லையாம்.

விலையை நிறைவாக்க, கணப்படுப்புக்கு மேலே மாட்டியிருந்த மிளாக் கொம்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்றேன். வேட்டைச் சின்னங்களை வைத்திருக்கவே உரிமைச் சான்று வேண்டும். விற்பதும் வாங்குவதும் குற்றம். நீலகிரிக்கு இது புதிதும் அல்ல. வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் கட்டுப்பாடு வைத்து இந்த மலைக்கென்றே 1879இல் தனிச் சட்டம் போட்டார்கள். துப்பாக்கியோடு கொம்பு, தோல், பல் என்று எது இலவசமாக வந்தாலும் தொடாதீர்கள்.

கணக்குக்கு வருகிறேன். புதிய இசாப்பூர் .315 கடையில் என்ன விலை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உழைத்த பி.எஸ்.ஏ.வுக்கு அதுதான் அளவுகோல், ஏனென்றால் இரண்டும் ஒரே தோட்டாவைத்தான் சுடும். பழைய பர்மிங்காம் இரும்பு வேலைக்கும், ஒத்துப்போகும் எண்களுக்கும், அறுபடாத கட்டைக்கும், தேய்த்து அழிக்காத பூச்சுக்கும், அந்தப் பித்தளைக் குப்பிக்கும் அதற்கு மேல் கொடுக்கலாம். போல்ட்டை ஒருமுறை இழுத்து மூடிப் பாருங்கள், விலை புரியும். வாய்த் தேய்வுக்கும், மேகசினுக்கும், முன்குறிக்கும் கழிக்க வேண்டும். எனக்கு ஒன்று முப்பத்தைந்து வந்தது. .275க்கு என் கணக்கில் வெறும் காட்சிப் பொருள் விலைதான், அதையும் நான் கொடுக்க மாட்டேன்.

ஒன்று முப்பத்தைந்து என்றதும் பெரியவர் பேசாமல் துணியை எடுத்துத் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அவர் வீட்டு அம்மாதான், “ஒன்று நாற்பது என்றால் இன்றைக்கே ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அலமாரியில் எனக்குப் புடவை வைக்க இடம் இல்லை” என்றார். ஒன்று நாற்பதுக்கு முடிந்தது. கடிதம் கொடுத்தாகிவிட்டது, நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. .275 இன்னும் அங்கேதான் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் ஒரு வெள்ளை அட்டை கொண்டுபோங்கள்.